ஓலை, செம்பு, எஸ்எஸ்டி

நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுக்கும்படி முதலாம் ராஜராஜன் வாய்மொழியாக ஆணையிட்டான். அது முதலில் ஓலையில் ஏறியது. அவனுக்குப் பிறகு மகன் ராஜேந்திரன் அதைச் செம்பில் வெட்டவைத்தான். இன்று லெய்டன் செப்பேடுகள் என்று நாம் சொல்லும் அந்த 21 ஏடுகளை ‘பேக்கப்’ என்று சொன்னால் தப்பில்லை.

செம்பு கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஓலை அப்படியில்லை. பூச்சி அரிக்கும், காய்ந்தால் ஒடியும். எண்ணெய் பூச வேண்டும், துணியில் கட்டி வைக்க வேண்டும், நைந்துபோகும் முன் யாராவது புது ஓலையில் படியெடுக்க வேண்டும். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்துச் சுவடிகள் நம்மிடம் வந்துசேர்ந்தது அப்படிப் படியெடுத்தவர்களால்தான்.

கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். பல ஊர்ப் பிரதிகளை ஒப்பிட்டுத்தான் அது முடிந்தது. ஒன்றில் சிதைந்தது இன்னொன்றில் இருந்தது. ஒரே பிரதி என்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இப்போது நம் மேசைக்கு வருவோம். ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழலும், காந்தப்புள்ளிகளாகத் தகவல் இருக்கும். கீழே விழுந்தால் போச்சு. ஆனால் சாகும் முன் பல சமயம் ‘டக் டக்’ என்று சத்தம் போட்டுச் சொல்லும். எஸ்எஸ்டியில் அசையும் பாகமே கிடையாது, அதிர்ச்சியைத் தாங்கும். தகவல் அதில் மின்னேற்றமாக அடைபட்டிருக்கிறது. எழுதி அழிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அறைகளின் சுவர் கொஞ்சம் தேயும். வாசிப்பதால் அவ்வளவாகத் தேய்வதில்லை. மின்சாரம் கொடுக்காமல் அலமாரியில் போட்டால் மின்னேற்றம் மெல்லக் கசியும். வெயில் ஏற ஏறக் கசிவும் கூடும். எழுதும் ஆயுள் தீர்ந்த சாதாரண எஸ்எஸ்டி, 30 டிகிரியில் மின்சாரமின்றி ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்கிறது ஜெடெக் தரநிர்ணயம். புதுசு இன்னும் தாங்கும். ஆனால் தஞ்சாவூர்ச் சித்திரை 30 டிகிரியில் நிற்பதில்லை.

ஆகவே எஸ்எஸ்டியை முழுக்க நிரப்பாதீர்கள், டிரிம் வசதியை அணைக்காதீர்கள், டீஃப்ராக் செய்யவே வேண்டாம். வருஷக்கணக்கில் வைக்க வேண்டியதை ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு பிரதி போடுங்கள், இன்னொன்றை வேறு ஊரில் வையுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை செருகி, ஃபைல்களைத் திறந்து பாருங்கள்.

சுவடிகளை ஆற்றிலும் தீயிலும் போட்ட கதைகளை உ.வே.சா. எழுதியிருக்கிறார். அங்கே பலவீனப்பட்டது ஓலை மட்டுமல்ல. அடுத்து எழுத வேண்டிய கை நின்றுபோயிருந்தது. பாட்டி பாடிய ஒப்பாரியை போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு இப்போது அந்த முறை வந்திருக்கிறது.