காலியா கப்பலின் ராத்திரி விளக்கு

தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலுக்கு ஒருநாள் சாயங்காலம் போயிருந்தேன். இருட்டின பிறகு ஆத்து வாய்க்கு வெளியே ஒரு சிவப்பு விளக்கு தெரிஞ்சது. பக்கத்தில் இருந்த பெரியவர், "செவப்பு மட்டும் தெரிஞ்சா அவன் நமக்கு இடது கைப்பக்கமா போறான் தம்பி. பச்சையும் சேந்து தெரிஞ்சாத்தான் நேரா வாறான்" என்றார்.

கணக்கு ரொம்ப எளிமை. கலத்தின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. ஒவ்வொன்றும் நேர் முன்பக்கத்திலிருந்து 112.5 பாகை வரைதான் தெரியும். அதனால் எந்த நிறம் தெரிகிறது என்பதே அது எந்தப் பக்கம் தலை வைத்திருக்கிறது என்பதைச் சொல்லிவிடும். 1848இல் பிரிட்டன் நீராவிக் கப்பல்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. பாய்க்கப்பல்களுக்குப் பத்து வருஷம் கழித்து.

அப்போதுதான் வ.உ.சி.யின் கப்பல் ஞாபகம் வந்தது. 1906இல் அவர் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கியபோது தூத்துக்குடி நம்ம திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. அடுத்த வருஷம் காலியாவும் லாவோவும் வந்து சேர்ந்தன. கம்பெனியின் பங்கு, போட்டி, வழக்கு எல்லாம் நிறைய எழுதியாச்சு. ஆனால் தூத்துக்குடியிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 150 கடல் மைல். அந்தக் கால நீராவி வேகத்தில் பகலோடு முடிகிற பயணமா அது? அந்த இருட்டைப் பத்தி யாரும் பேசுறதில்லை.

அதே கடலில் பாய் விரித்த தோணிகளும் போய் வந்துகொண்டிருந்தன. தோணியில் இருக்கிறவர் நிலைமையை நினைச்சுப் பாருங்க. 1897 முதல் நடைமுறையில் இருந்த விதிப்படி, நீராவிக் கப்பலின் பாய்மரத்து வெள்ளை விளக்கு 5 மைலுக்கும் பக்க விளக்குகள் 2 மைலுக்கும் தெரிந்தால் போதும். அதாவது தூரத்தில் வெறும் வெள்ளைப் புள்ளி. கப்பல் வருது, எங்கே போகுதுன்னு தெரியாது. நிறம் தெரிகிறபோது இரண்டே மைல். பத்து நாட் வேகத்தில் வந்தால் பன்னிரண்டே நிமிஷம்! சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் வயிறு கலங்கத்தானே செய்யும்? ஒரே நிறம் தெரிந்தாலும் நிம்மதி இல்லை. அந்த விளக்கு இருக்கும் திசை கொஞ்சமும் மாறாமல் நெருங்கிக்கொண்டே வந்தால் மோதல்தான். பாய்க்கலத்துக்கு நீராவிக் கப்பல் விலகணும் என்பது சட்டம். விலகுவதற்குத் தோணியின் விளக்கு கப்பல்காரன் கண்ணில் படணுமே! காத்து விழுந்துவிட்டால் தோணி தானாக நகரவும் முடியாது.

பகலில் கரையில் சுதேசிக் கப்பலா, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பலா என்பது பெரிய விஷயம். டிக்கெட் வாங்குவதே அரசியலாக இருந்த காலம். ராத்திரி நடுக்கடலில் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. இரண்டுக்கும் அதே வெள்ளை, அதே சிவப்பு, அதே பச்சை. கொடி இருட்டில் தெரியாது. தோணிக்காரருக்கு அப்போது தெரிய வேண்டியதும் யார் கப்பல் என்பதல்ல, எந்தப் பக்கம் திரும்புது என்பதுதான்.

1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். கம்பெனியும் நிலைக்கவில்லை. காலியா என்ற பெயர் இன்னும் நம்ம பக்கத்துப் பாடப்புத்தகங்களில் இருக்கிறது.

புன்னைக்காயலில் நான் பார்த்த சிவப்பு கொஞ்ச நேரத்தில் மறைந்து, தாழ்வாக ஒரு வெள்ளை மட்டும் மிஞ்சியது. பின் விளக்கு. "போயிட்டான்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் பீடியைப் பற்றவைத்தார்.