மெத்தடோன் சிகிச்சையில் சேர்க்கைத் தகுதிகள்: அமெரிக்க வரலாறு

ஹெராயின், மார்ஃபின் போன்ற அபின் வகைப் போதைப்பொருள்களுக்கு அடிமையானவர்களுக்கு மெத்தடோன் என்னும் மருந்தை நாள்தோறும் அளந்து கொடுப்பது ஒரு சிகிச்சை முறை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இச்சிகிச்சையில் சேர விரும்புபவர், தாம் போதைக்கு அடிமை என்பதை மட்டுமல்லாமல், எவ்வளவு காலமாக அடிமை என்பதையும் காட்ட வேண்டும் என்ற விதி 1972 முதல் 2024 வரை நடைமுறையில் இருந்தது. மற்ற நோய்களுக்கு இத்தகைய நிபந்தனை அரிது. காசநோயாளியிடம் ஓராண்டு இருமிவிட்டு வரும்படி எந்த மருத்துவரும் சொல்வதில்லை.

இந்த விதியின் வேர் 1914ஆம் ஆண்டின் ஹாரிசன் சட்டத்தில் இருக்கிறது. அபின், கோக்கா இலை ஆகியவற்றிலிருந்து பெறப்படும் பொருள்களுக்கு வரியும் பதிவும் விதித்த சட்டம் அது. மருத்துவர்கள் தம் தொழில்முறைக்குள் அவற்றை எழுதிக் கொடுக்கலாம் என்று அது அனுமதித்தது. ஆனால் அடிமையானவரின் பழக்கத்தைத் தொடரச் செய்வதற்காக மட்டும் எழுதப்படும் சீட்டு மருந்துச் சீட்டே அல்ல என்று 1919இல் வெப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அக்காலத்தில் சில நகரங்கள் மார்ஃபின் வழங்கும் மருத்துவ நிலையங்களைத் திறந்திருந்தன. கூட்டரசு அதிகாரிகளின் நெருக்குதலால் அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகரில் மருத்துவர் வில்லிஸ் பட்லர் நடத்திய நிலையம் 1923 வரை தாக்குப்பிடித்தது. அதன் பிறகு பல ஆண்டுகளுக்குச் சேர்க்கைத் தகுதி என்ற கேள்வியே எழவில்லை. சேர்வதற்கு இடம் இருந்தால்தானே தகுதியைப் பற்றிப் பேச முடியும்.

1935இல் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனிலும் 1938இல் டெக்சாசின் ஃபோர்ட் வொர்த்திலும் கூட்டரசு மருத்துவமனைகள் திறக்கப்பட்டன. பாதி மருத்துவமனை, பாதி சிறை என்று சொல்லத்தக்க இடங்கள் அவை. தண்டனை பெற்ற கைதிகளோடு தாமாக வந்த நோயாளிகளும் அங்கே சேர்க்கப்பட்டனர். தாமாக வந்தவர்களில் பலர் சிகிச்சை முடியும் முன்பே வெளியேறினர். அவர்களை இருத்தி வைக்க லெக்சிங்டனில் ஒரு வழி கையாளப்பட்டது. நோயாளி உள்ளூர் நீதிமன்றத்தில் போதைப் பழக்கத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெறுவார். மருத்துவமனையில் தங்கினால் அத்தண்டனை நிறுத்தி வைக்கப்படும். உதவி தேடி வந்தவரை முதலில் குற்றவாளியாக்கிய ஏற்பாடு இது. சிகிச்சை முடித்து ஊர் திரும்பியவர்களில் பெரும்பாலோர் மீண்டும் பழக்கத்துக்குள் விழுந்தனர்.

லெக்சிங்டனில் பணியாற்றி இதை நேரில் கண்டவர் மனநல மருத்துவர் மேரி நைஸ்வாண்டர். 1964இல் அவர் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் வளர்சிதைமாற்ற ஆய்வாளரான வின்சென்ட் டோலுடன் சேர்ந்து ஹெராயின் அடிமைகளுக்குச் சிகிச்சையளிக்கத் தொடங்கினார். மார்ஃபின் கொடுத்தபோது நோயாளிகள் அடுத்த ஊசிக்குக் காத்திருப்பதைத் தவிர வேறெதிலும் நாட்டம் காட்டவில்லை. ஜெர்மனியில் வலி நிவாரணியாக உருவாக்கப்பட்ட மெத்தடோனுக்கு மாற்றியதும் நிலைமை மாறியது. வாய்வழியாக ஒரு முறை கொடுத்தால் ஒரு நாள் முழுதும் அதன் விளைவு நீடித்தது. நோயாளிகள் படிப்பையும் வேலையையும் பற்றிப் பேசத் தொடங்கினர். 22 நோயாளிகளைப் பற்றிய அவர்களின் அறிக்கை 1965இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது.

தொடக்கத்தில் நோயாளிகள் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பல ஆண்டுகள் ஹெராயினை நரம்பில் ஏற்றிக்கொண்டவராகவும், முன்பு சிகிச்சை பெற்றுத் தோற்றவராகவும் இருக்க வேண்டும். தீவிர மனநோய் உள்ளவர்களும் மற்ற போதைப்பொருள்களுக்கு அடிமையானவர்களும் தவிர்க்கப்பட்டனர். புதிய மருந்தைச் சோதிக்கும் ஆய்வாளருக்கு இது நியாயமான எச்சரிக்கை. மெத்தடோனும் அபின் வகையைச் சேர்ந்ததே. பழக்கமில்லாத உடலில் அது மூச்சை நிறுத்திவிடக்கூடும். அடிமையாகாத ஒருவருக்குத் தவறிக் கொடுத்தால் மருத்துவமே அவரை அடிமையாக்கும். ஆயினும் ஓர் ஆய்வுக்கான வரம்பு அனைவருக்குமான சட்டமாக மாறியபோது அதன் பொருளும் மாறியது.

நிக்சன் ஆட்சியில், வியட்நாமிலிருந்து திரும்பிய படைவீரர்களிடையே ஹெராயின் பழக்கம் பரவியது குறித்த அச்சம் மிகுந்தது. மெத்தடோன் நிலையங்கள் விரைவாகப் பெருகின. மருந்து தெருவில் விற்கப்படுவதாகவும் புகார்கள் எழுந்தன. இச்சூழலில் 1972 டிசம்பரில் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் விரிவான விதிகளை வெளியிட்டது. உடல் இப்போது மருந்தைச் சார்ந்திருக்க வேண்டும், இரண்டு ஆண்டுகளாவது அடிமைப்பட்டிருக்க வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. 1980இல் இரண்டு ஆண்டு ஓராண்டாகக் குறைக்கப்பட்டது. இந்தக் காலத்தை மெய்ப்பிக்க ஊசித் தழும்புகள், சிறுநீர்ச் சோதனை, பழைய மருத்துவப் பதிவுகள் முதலியவை பயன்பட்டன. பழக்கத்தை மறைத்தே வாழ்ந்த ஒருவரிடம் அதற்கான ஆவணம் கேட்கப்பட்டது.

2001இல் கண்காணிப்புப் பொறுப்பு போதைப்பொருள் பயன்பாடு மற்றும் மனநலச் சேவைகள் நிர்வாகத்துக்கு மாறியது. கர்ப்பிணிகள், ஆறு மாதங்களுக்குள் சிறையிலிருந்து விடுதலையானவர்கள், முன்பு இச்சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோருக்கு ஓராண்டு விதியிலிருந்து விலக்களிக்க மருத்துவர்களுக்கு அதிகாரம் இருந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கோ நிபந்தனை இன்னும் கடுமையாக இருந்தது. பன்னிரண்டு மாதங்களுக்குள் இரண்டு முறை வேறு சிகிச்சையில் தோற்றதற்கு ஆவணம் வேண்டும். பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வேண்டும்.

இதற்கிடையே ஒரு முரண்பாடு உருவானது. 2000ஆம் ஆண்டின் சட்டமும் 2002இல் கிடைத்த மருந்து அனுமதியும், சிறப்பு விலக்குரிமை பெற்ற மருத்துவர்கள் தம் சொந்த மருத்துவ அறையிலேயே புப்ரெனார்பின் தர வழிசெய்தன. அங்கே ஓராண்டு நிபந்தனை கிடையாது. ஆறு மாதமாக அடிமைப்பட்ட ஒருவர் அத்தகைய மருத்துவரிடம் புப்ரெனார்பின் பெறலாம். மெத்தடோன் மையத்திலோ அவர் விலக்குக்கு உட்படாவிட்டால் காத்திருக்க வேண்டும். விலக்குரிமை பெற்றவர் ஏற்கக்கூடிய நோயாளிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்ததும், பல ஊர்களில் அத்தகைய மருத்துவரே இல்லாததும் வேறு கதை. அந்தச் சிறப்பு விலக்குரிமை 2022 டிசம்பரில் நீக்கப்பட்டது.

ஓராண்டு விதி ஹெராயின் காலத்தில் எழுந்தது. 2010களில் சட்டவிரோதச் சந்தையை ஃபென்டனில் நிறைத்தது. ஹெராயினை விடப் பல மடங்கு வீரியமுள்ள அப்பொருள், ஒருவர் சில முறை பயன்படுத்திய நிலையிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. 2021இல் அந்நாட்டில் போதைப்பொருள் மிகுபயன்பாட்டால் இறந்தோர் 1,00,000க்கு மேற்பட்டனர். அவர்களில் பெரும்பாலோரின் மரணத்தில் அபின் வகைப் பொருள் இருந்தது. ஓராண்டு நிறையும்வரை காத்திருந்து சேரலாம் என்னும் கணக்கு, அந்த ஓராண்டை நோயாளி உயிரோடு கடப்பார் என்ற அனுமானத்தில் நின்றது.

2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய கூட்டரசு விதிகள் ஓராண்டு நிபந்தனையை நீக்கின. இளையோர் இரண்டு முறை தோற்றிருக்க வேண்டும் என்பதும் கைவிடப்பட்டது. பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் என்னும் நிபந்தனை பொதுவாகத் தொடர்கிறது. காணொலி வழியாக நோயாளியைப் பரிசோதித்து மெத்தடோன் தொடங்கவும் வழி பிறந்தது. ஆனால் மாநிலங்கள் கூட்டரசை விடக் கடுமையான விதிகளை வைத்திருக்கலாம் என்பதால், மையத்தின் வாசலில் ஒருவரிடம் என்ன கேட்கப்படும் என்பது அவர் வாழும் மாநிலத்தைப் பொறுத்தே அமைகிறது.