மலையகத்துக் காமன் கூத்து

ஆடற் கலையின் வாழ்வு அதனை ஆடுவோரின் வாழ்வோடு பிணைந்தது. நுவரெலியா, அட்டன் தேயிலைத் தோட்டங்களின் காமன் கூத்து இதற்குத் தக்க சான்றாகும். தமிழகத்தினின்று முதலிற் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த தொழிலாளர் தம்மோடு கொணர்ந்த செல்வம் இக்கூத்து.

மாசித் திங்களிற் காமன் கம்பம் நாட்டப்படும். சிவனின் தவத்தைக் கலைத்த மன்மதன் எரிவதும், இரதி புலம்புவதும் தப்பொலியோடு நடிக்கப்படும். பாட்டும் ஆட்டமும் ஆசானிடமிருந்து இளைஞருக்குப் பெரும்பாலும் வாய்மொழியாகவே சென்றன. லயத்து மக்கள் அனைவரும் கூடியே கூத்தை ஆக்கினர்.

1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30 இல் எழுந்த சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கையோ, நாடற்ற 9,75,000 பேருள் 5,25,000 பேர் இந்தியா செல்ல வகுத்தது. அண்ணன் கப்பலேறத் தம்பி நின்றான். இரதியாக ஆடியவன் செல்லத் தப்படித்தவன் தனித்தான்.

திரைப்படமும் தொலைக்காட்சியுமே கூத்தைத் தளர்த்தின என்பர். அது முழுவுண்மையன்று, ஆடும் குழாமே சிதைந்தபின் ஆட்டம் எங்ஙனம் செழிக்கும்?

இன்றும் சில தோட்டங்களிற் காமன் எரிகின்றான். முதியோர் ஏங்குவது பழைய கூத்தை எண்ணி மட்டுமன்று. உடனாடிப் பிரிந்தோரை எண்ணியுமாம். எஞ்சிய ஆசான்களின் பாட்டுக்களைக் காலந்தாழ்த்தாது கேட்டெழுதி வைத்தல் கற்றோர் கடனாகும்.