சிந்தெடிக் என்ற சொல் யாருக்குச் சொந்தம்?

கார் பற்றி எப்போ பேசினாலும் எனக்கு வருகிற முதல் கேள்வி ஒன்றுதான். "எந்த சிந்தெடிக் இன்ஜின் ஆயில் பெஸ்ட்? மொபில் 1-ஆ, காஸ்ட்ராலா, ஷெல்லா?" நண்பர்கள் கூடும் இடத்தில் இதைக் கேட்டுப் பாருங்க. அஜித்தா விஜய்யா சண்டை தோற்றுப்போகும். ஆளாளுக்கு ஒரு பிராண்ட், ஆளாளுக்கு ஒரு மெக்கானிக் சாட்சி.

இன்னைக்கு நான் பேசப்போவது அந்தச் சண்டையின் வரலாறு. இதை நோண்டிப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: ஆயில் கம்பெனிகளுக்குள் நடந்த பெரிய சண்டையே எது பெஸ்ட் என்பதைப் பற்றியது இல்லை. 'சிந்தெடிக்' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பதைப் பற்றியது. அதற்குக் கிடைத்த தீர்ப்பின்படிதான் இன்றைக்கும் கேன் மேல் அந்த வார்த்தை அச்சாகிறது. நாம் காசு கொடுப்பதும் அந்த வார்த்தைக்குத்தான்.

முதலில் கேனுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். பெரும்பகுதி பேஸ் ஆயில், அதாவது அடிப்படை எண்ணெய். மீதி அடிட்டிவ்: அழுக்கைக் கழுவ ஒன்று, தேய்மானத்தைத் தடுக்க ஒன்று, நுரை வராமல் இருக்க ஒன்று என்று ரசாயனக் கலவை. சாம்பாரில் பருப்பும் மசாலாவும் மாதிரி. 'சிந்தெடிக்' என்ற சொல் பருப்பைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. மசாலாவைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. இதை ஞாபகம் வைத்துக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

கதை ஜெர்மனியில் ஆரம்பிக்கிறது. அந்த நாட்டில் நிலக்கரி ஏராளம், கச்சா எண்ணெய் மிகக் குறைவு. 1925-ல் மூல்ஹைம் நகரில் ஃபிரான்ஸ் ஃபிஷர், ஹான்ஸ் டிராப்ஷ் என்ற இரண்டு வேதியியலாளர்கள் நிலக்கரியை வாயுவாக்கி, அந்த வாயுவிலிருந்து திரவ எரிபொருள் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார்கள். கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் சேர்ந்து, வினையூக்கி உதவியோடு, நீளமான ஹைட்ரோகார்பன் சங்கிலிகளாக மாறும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தில் ஹெர்மன் ஸோர்ன் என்பவர் எஸ்டர் வகை மசகு எண்ணெய்களில் வேலை செய்தார். நிலத்தடியிலிருந்து எடுத்ததைச் சுத்தம் செய்வதற்குப் பதிலாக, தேவையான மூலக்கூறை நாமே கட்டுவது என்பதுதான் யோசனை. 'சிந்தெடிக்' என்ற சொல்லுக்கு அப்போது இருந்த அர்த்தமும் இதுதான்.

போருக்குப் பிறகு இந்த அறிவுக்குப் பெரிய வாடிக்கையாளராக வந்தது ஜெட் இன்ஜின். உயரத்தில் கடும் குளிர், இன்ஜினுக்குள் கடும் சூடு. கச்சா எண்ணெயிலிருந்து வரும் சாதாரண ஆயிலில் மெழுகு இருக்கும். குளிரில் அது உறையும், சூட்டில் ஆயில் நீர்த்துப்போகும். எஸ்டர் ஆயில் இரண்டையும் தாங்கியது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டுலூத் என்று ஒரு ஊர். குளிர்காலத்தில் எல்லாம் உறைந்துபோகும் ஊர். அங்கே ஏர் நேஷனல் கார்டு போர் விமானப் படைப்பிரிவின் தளபதியாக இருந்தவர் ஆல்பர்ட் அமாட்டூசியோ. ஜெட்டுக்கு நல்லதாக இருக்கும் ஆயில் காருக்கு ஏன் கூடாது என்று யோசித்தார். 1972-ல் அவருடைய ஆம்சாயில், அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்டின் (இனிமேல் ஏ.பி.ஐ.) தரத்தை எட்டிய முதல் சிந்தெடிக் கார் ஆயிலாக வந்தது.

அடுத்த வருடமே எண்ணெய் நெருக்கடி. பெட்ரோலைச் சேமிக்கும் எதற்கும் மதிப்பு கூடியது. 1970-களின் நடுவில் மொபில் நிறுவனம் மொபில் 1-ஐ இறக்கியது. அது பி.ஏ.ஓ. வகை, அதாவது பாலி ஆல்ஃபா ஓலிஃபின். சின்ன மூலக்கூறுகளை எண்ணி எண்ணி இணைத்துச் செய்வது. மெழுகு கிடையாது, எல்லா மூலக்கூறும் கிட்டத்தட்ட ஒரே சைஸ். செலவும் அதிகம். அதனால் 'சிந்தெடிக் என்றால் பி.ஏ.ஓ. அல்லது எஸ்டர்' என்ற எண்ணம் சந்தையில் பதிந்துவிட்டது.

இதற்கு நடுவே சுத்திகரிப்பு ஆலைகள் சும்மா இருக்கவில்லை. அதிக அழுத்தத்தில், அதிக சூட்டில், ஹைட்ரஜன் சேர்த்து, கச்சா எண்ணெயின் மூலக்கூறுகளையே உடைத்து மாற்றி அடுக்கும் தொழில்நுட்பம் வந்தது. மெழுகை வடிகட்டி எடுப்பதற்குப் பதில், அந்த மெழுகையே நல்ல ஆயிலாக மாற்ற முடிந்தது. ஏ.பி.ஐ. பேஸ் ஆயில்களை ஐந்து குரூப்பாகப் பிரித்தது. குரூப் 1, 2, 3 கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து வருபவை. குரூப் 4 பி.ஏ.ஓ. மற்றதெல்லாம் குரூப் 5, எஸ்டர் உட்பட. குரூப் 3-க்குள் வர பாகுத்தன்மைக் குறியீடு 120 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். சூடு ஏறி இறங்கினாலும் ஆயிலின் கெட்டித்தன்மை எவ்வளவு குறைவாக மாறுகிறது என்பதற்கான அளவு அது. நல்ல குரூப் 3 ஆயில் பி.ஏ.ஓ.வுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து நின்றது, குறைந்த செலவில்.

1990-களின் கடைசியில் காஸ்ட்ரால், அமெரிக்காவில் விற்ற தன் 'சின்டெக்' ஆயிலில் பி.ஏ.ஓ.வை எடுத்துவிட்டு இந்த வகை பேஸ் ஆயிலைப் போட்டது. பெயர் அதே பெயர். 'சிந்தெடிக்' என்ற வார்த்தையும் அப்படியே இருந்தது. மொபில் சும்மா விடுமா? "கட்டிய மூலக்கூறுக்குத்தான் அந்தப் பெயர். இது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தது" என்று புகார் கொடுத்தது.

எங்கே கொடுத்தது என்பதுதான் சுவாரசியம். நீதிமன்றத்தில் இல்லை, அரசாங்கத்திடமும் இல்லை. விளம்பரங்களைச் சரிபார்க்கும் தொழில்துறையின் சுய கட்டுப்பாட்டு அமைப்பு ஒன்று உண்டு, நேஷனல் அட்வர்டைசிங் டிவிஷன் என்று. அங்கே. ஏன் அங்கே போனார்கள்? சொல்லுக்கு விளக்கம் தர வேண்டிய பொறியாளர் அமைப்புகள் கையைக் கழுவிவிட்டன. எஸ்.ஏ.ஈ. என்ற வாகனப் பொறியாளர் சங்கம் தன் ஆவணத்திலிருந்து 'சிந்தெடிக்' என்ற குறிப்பையே 1990-களில் நீக்கிவிட்டது. ஏ.பி.ஐ.யும் அப்படித்தான்.

காஸ்ட்ரால் தரப்பு வாதத்தை லேசாக ஒதுக்க முடியாது. 'ஹைட்ரஜன் போட்டு மாற்றும்போது மூலக்கூறின் அமைப்பே மாறுகிறது. உள்ளே போனது வேறு, வெளியே வருவது வேறு. இது தொகுப்பு இல்லையென்றால் எது தொகுப்பு?' என்பது அவர்கள் கேள்வி. 1999-ல் தீர்ப்பு வந்தது: சின்டெக்கை சிந்தெடிக் என்று சொல்ல காஸ்ட்ராலிடம் நியாயமான ஆதாரம் இருக்கிறது. சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாத தீர்ப்புதான். ஆனால் அமெரிக்கச் சந்தை அதைப் பிடித்துக்கொண்டது, மற்ற பிராண்டுகளும் குரூப் 3-ஐ சிந்தெடிக் என்று விற்க ஆரம்பித்தன. பிறகு மொபில், எக்ஸானோடு இணைந்தது. அந்த எக்ஸான்மொபிலே 'விசாம்' என்ற பெயரில் குரூப் 3 பேஸ் ஆயில் தயாரித்தது! ஜெர்மனியில் மட்டும், இந்த வகையை 'எச்.சி. சிந்தசிஸ்' என்று தனியாகக் குறிப்பிடும் வழக்கம் உண்டு.

இதில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. தொழில்நுட்ப ரீதியாகத் தீர்ப்பு மோசமில்லை. எப்படிச் செய்தாய் என்பதை விட எப்படி வேலை செய்கிறது என்பது முக்கியம் என்று சாஃப்ட்வேர்க்காரனான நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் அப்படிச் சொன்னால், எப்படி வேலை செய்கிறது என்பதை வாங்குகிறவருக்குக் காட்ட வேண்டும் இல்லையா? கேன் மேல் அந்த வார்த்தை மட்டும்தான் மிச்சம். உள்ளே எந்த குரூப் என்று முன்பக்கத்தில் தேடிப் பாருங்க, அநேகமாகக் கிடைக்காது.

சரி, வார்த்தையை விடுவோம். யாராவது ஓட்டிப் பார்த்து அளந்திருக்கிறார்களா? அளந்திருக்கிறார்கள். 1996-ல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை நியூயார்க் நகரத்தின் 75 டாக்ஸிகளை எடுத்தது. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி புதுப்பித்த இன்ஜின், வெவ்வேறு பிராண்ட் ஆயில். ஒவ்வொரு வண்டியும் 60,000 மைல், அதாவது சுமார் 96,000 கிலோமீட்டர் ஓடியது. பிறகு இன்ஜினைப் பிரித்து, பாகங்கள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று அளந்தார்கள். பிராண்டுகளுக்கு இடையே பொருட்படுத்தத் தக்க வித்தியாசம் இல்லை. சிந்தெடிக்குக்கும் சாதாரண ஆயிலுக்கும் நடுவில்கூட!

அப்போ சிந்தெடிக் வீணா? அவசரப்படாதீங்க. எங்கள் வேலையில் பெஞ்ச்மார்க் போடும்போது முதலில் கேட்பது, என்ன லோடில் ஓட்டினாய் என்றுதான். டாக்ஸி நாள் முழுக்க ஓடுகிறது. இன்ஜின் ஆறி, குளிர்ந்து, மறுபடி ஸ்டார்ட் ஆவது அபூர்வம். சிந்தெடிக் பலம் காட்டும் இடமே உறைகுளிர் ஸ்டார்ட்டும், அதீத சூடும், நீண்ட இடைவெளி ஆயில் மாற்றமும்தான். அந்தப் பரிட்சையில் அந்தக் கேள்விகள் பெரிதாக வரவில்லை. 2017-ல் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. ஆய்வகச் சோதனைகளில் சிந்தெடிக்கையும் சாதாரண ஆயிலையும் ஒப்பிட்டபோது, சிந்தெடிக் சராசரியாக 47 சதவீதம் மேல் என்று வந்தது. ஆய்வகத்தில் ஆயிலின் தாங்கும் சக்தியை அளந்தார்கள், டாக்ஸியில் இன்ஜினின் தேய்மானத்தை அளந்தார்கள். இரண்டும் வேறு கேள்வி, அதனால் இரண்டு பதிலும் சரியாக இருக்கலாம். ரக வித்தியாசம் உண்மை. ஆனால் பிராண்ட் சண்டைக்கு இரண்டுமே தீர்ப்பு சொல்லவில்லை.

பிராண்ட் விசுவாசிகளுக்கு இன்னொரு தகவல். அந்த மசாலா, அதாவது அடிட்டிவ், எங்கிருந்து வருகிறது? உலகச் சந்தையில் பெரிய தயாரிப்பாளர்கள் நான்கே பேர்: லூப்ரிசால், இன்ஃபினியம், ஆஃப்டன், செவ்ரான் ஓரோனைட். இதில் இன்ஃபினியம், எக்ஸான்மொபிலும் ஷெல்லும் சேர்ந்து நடத்தும் கூட்டு நிறுவனம். கடை அலமாரியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு பேரும் மசாலா ஆலையில் பங்காளிகள்.

மசாலாவில்தான் இன்றைய இன்ஜினின் நிஜமான பிரச்சினையும் இருக்கிறது. இப்போ வரும் சின்ன டர்போ பெட்ரோல் கார்களில், குறைந்த வேகத்தில் திடீரென்று ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. பிஸ்டனையே உடைக்கும் அளவு அடி. ஆய்வுகள் காட்டிய காரணங்களில் ஒன்று, ஆயிலில் அழுக்கு நீக்கப் போடும் கால்சியம் சார்ந்த அடிட்டிவ். அதைக் குறைத்து மக்னீசியம் பக்கம் நகர்ந்தார்கள். 2018-ல் ஏ.பி.ஐ. 'எஸ்.என். பிளஸ்' என்ற தரமும், 2020-ல் 'எஸ்.பி.' தரமும் இதற்கான சோதனையோடு வந்தன. யோசித்துப் பாருங்க: அசல் பி.ஏ.ஓ.வில் செய்த விலை உயர்ந்த பழைய தர சிந்தெடிக் இந்தச் சோதனையில் தோற்கலாம். சாதாரண விலையில் உள்ள எஸ்.பி. தர ஆயில் அதைத் தாண்டியிருக்கும்.

அதனால் கேனைத் திருப்புங்க. பின்பக்கத்தில் மூன்று விஷயம் பாருங்க. ஒன்று, 5டபிள்யூ-30 மாதிரியான எண். டபிள்யூ என்றால் விண்டர்; முன் எண் குளிரில் ஓடும் தன்மை, பின் எண் இன்ஜின் சூட்டில் இருக்கும் கெட்டி. இரண்டு, ஏ.பி.ஐ. அல்லது ஐரோப்பாவின் ஏ.சி.ஈ.ஏ. தரம். மூன்று, கார் கம்பெனியின் சொந்த ஒப்புதல் எண், மெர்சிடிஸின் 229.5 மாதிரி. இந்த மூன்றும் உங்கள் காரின் மேனுவலில் இருப்பதோடு பொருந்தினால், அந்த ஆயில் தேவையான பரிட்சைகளை எழுதி பாஸ் ஆகியிருக்கிறது. அதற்கப்புறம் எந்த பிராண்ட் என்பது விலையும் ரசனையும். பொருந்தவில்லை என்றால், முன்பக்கம் எவ்வளவு பெரிய எழுத்தில் 'ஃபுல்லி சிந்தெடிக்' என்று இருந்தாலும் உங்கள் இன்ஜினுக்கு அது ஆகாது.

கடைசியாக ஒரு செய்தி. 2011-ல் கத்தாரில் ஷெல்லும் கத்தார் பெட்ரோலியமும் 'பேர்ல்' என்ற பிரம்மாண்ட ஆலையிலிருந்து உற்பத்தியை அனுப்ப ஆரம்பித்தன. இயற்கை எரிவாயுவிலிருந்து திரவ எரிபொருளும் பேஸ் ஆயிலும் செய்யும் ஆலை. வழி எது தெரியுமா? ஃபிஷரும் டிராப்ஷும் 1925-ல் காட்டிய அதே வழி. ஒரு சொட்டு கச்சா எண்ணெய் இல்லாமல், வாயுவிலிருந்து கட்டிய மூலக்கூறு. பழைய அர்த்தத்தில் அசல் சிந்தெடிக். ஆனால் குரூப் அட்டவணையில் அதை வைப்பது, மொபில் 'சிந்தெடிக்கே இல்லை' என்று வாதாடிய அதே குரூப் 3-ல்தான்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம். அதற்குள் உங்கள் கார் மேனுவலில் ஆயில் பக்கத்தை ஒரு தடவை படித்துவிடுங்க.