குங்கிலியம் வந்த வழி

சரவாக்கில், ராஜாங் ஆற்றின் மேற்பகுதியில், காப்பிட் வட்டாரத்தில் மெரிட்-பிலா என்றொரு நிலக்கரிப் படுகை இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் ஸ்டுட்கார்ட் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டீட்டர் ஷ்லீ அங்கே கரிக்கு நடுவே அம்பர் பாளங்களைக் கண்டார். ஒன்றின் எடை நூறு கிலோவைத் தாண்டியது. அம்பர் என்றால் நம்மில் பலருக்கு ‘ஜுராசிக் பார்க்’ படத்தின் கொசு சிக்கிய மஞ்சள் கல்தான் ஞாபகத்துக்கு வரும். ஒரு ஆளால் தூக்க முடியாத பாளம் எப்படி உருவானது?

பட்டையில் வெட்டு விழுந்தாலோ வண்டு துளைத்தாலோ மரம் பிசினைச் சுரந்து காயத்தை அடைக்கிறது. எல்லாப் பிசினும் அம்பர் ஆகாது. கருவேலம்பிசின் தண்ணீரில் கரைந்துபோகும். தண்ணீரில் கரையாத குங்கிலிய வகைதான் தாக்குப்பிடிக்கும். அதில் எளிதில் ஆவியாகும் பொருள்கள் பறந்துபோக, மிச்சமுள்ள மூலக்கூறுகள் சங்கிலிபோலக் கோத்துக்கொள்கின்றன. எபொக்சி பசை இறுகுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனா எபொக்சிக்கு ஒரு ராத்திரி போதும், இதுக்கு லட்சக்கணக்கான வருசம் வேணும்.

அதுவரை அது பத்திரமாகவும் இருக்க வேண்டும். வெயிலிலும் காற்றிலும் கிடந்தால் வெடித்துப் பொடியாகிவிடும். காற்றுப் புகாத சதுப்புச் சேறுதான் அதற்குத் தோதான இடம். அங்கே மக்காமல் குவிந்த மரமும் இலையும் வண்டலுக்கு அடியில் அழுந்தி நிலக்கரியாகின்றன. கூடவே புதைந்த பிசின் அதே அழுத்தத்திலும் சூட்டிலும் அம்பராகிறது. பல இடங்களில் இரண்டும் சேர்ந்தே கிடைப்பது இதனால்தான்.

மெரிட்-பிலா அம்பரைச் சுரந்தது மெரந்தி, செங்கால், கெருயிங் மரங்கள் அடங்கிய டிப்டெரோகார்ப் குடும்பம். பெயருக்கு ‘இருசிறகுக் கனி’ என்று பொருள். இன்றும் அவற்றின் பிசினை மலாயில் டாமார் என்கிறார்கள். ஒருகாலத்தில் பந்தம் கொளுத்தவும் படகின் இடுக்குகளை அடைக்கவும் அதுதான் பயன்பட்டது.

இந்த மரங்கள் இங்கே எப்படி வந்தன? அதற்கான தடயம் குஜராத்தில், சூரத் வட்டாரத்து வஸ்தான் சுரங்கத்தில் கிடைத்தது. அங்கே பழுப்பு நிலக்கரியோடு வந்த அம்பரை லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனமும் ஜெர்மனி, அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து ஆராய்ந்து 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வயது ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள். வேதியியல் சொன்ன குடும்பம் அதே டிப்டெரோகார்ப். உள்ளே 700க்கும் மேற்பட்ட பூச்சிகளும் சிலந்திகளும். இந்த வகை அம்பர் கரைப்பானில் ஓரளவு இளகும் என்பதால் சில பூச்சிகளை முழுசாகவே வெளியே எடுக்க முடிந்தது.

தீவாக நகர்ந்துவந்த இந்திய நிலத்தட்டு ஆசியாவைத் தொட்ட காலகட்டம் அது. மெரிட்-பிலா அம்பர் அதற்கு வெகுகாலம் பிந்தியது, மயோசீன் காலத்தைச் சேர்ந்தது. 2022இல், புதைபடிவ மகரந்தத்தையும் மரபணுத் தரவுகளையும் வைத்து வந்த இன்னோர் ஆய்வு, இந்தக் குடும்பம் ஆப்பிரிக்காவில் தோன்றி, இந்தியத் தட்டுக்குப் பரவி, அங்கிருந்து தென்கிழக்காசியாவை அடைந்தது என்கிறது. இன்று போர்னியோவில் மட்டும் இதில் 250க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன.

‘பாத்தீங்களா, இந்தக் காட்டு மரமே நம்ம ஊர்லேர்ந்து வந்ததுதான்’ என்று சொல்ல நாக்கு துடிக்கும். ‘பெண்டாத்தாங்’ என்ற வசவைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த ஆசை வருவது இயல்பு. எனக்கும் வந்தது. ஆனால் சான்று அதற்கு இடம்கொடுக்கவில்லை. அந்த நிலத்தட்டில் இந்தியாவும் இல்லை, தமிழும் இல்லை, மனிதனே இல்லை. அங்கேயும் அந்த மரம் வேறொரு கண்டத்திலிருந்து வந்த விருந்தாளிதான். வந்தவன், இருந்தவன் என்று கோடு போடுகிறவர்களுக்கும் அம்பர் உதவாது. இந்த மண்ணின் அடையாளமாக எல்லாரும் காட்டுகிற காடே வந்து சேர்ந்ததுதான். வந்தது வேர்விட்டது, சேற்றில் விழுந்தது, கரியானது. அதற்குப் பிறகு அதை வெளியூர் மரம் என்று யார் சொல்வார்கள்?

சுமத்ராவின் பாருஸில் தமிழ் வணிகக் குழு நிறுத்திய கல்வெட்டு ஒன்று உண்டு, ஆண்டு 1088. பாருஸ் கற்பூரத்துக்குப் பேர்போன துறைமுகம். அந்தக் கற்பூரத்தைத் தந்த காப்பூர் மரமும் மெரந்தியின் சொந்தம்தான். அந்தக் கல்லுக்கு இன்னும் ஆயிரம் வயதுகூட ஆகவில்லை. கற்பூரம் தந்த மரத்தின் முன்னோர் கடல் தாண்டிய கணக்கோ கோடிகளில் இருக்கிறது.