லிலியன் கில்பிரெத்

லிலியன் மோலர் கில்பிரெத் (மே 24, 1878 – சனவரி 2, 1972) அமெரிக்காவைச் சேர்ந்த உளவியலாளரும் தொழிலகப் பொறியியலாளரும் ஆவார். தொழிற்சாலை மேலாண்மைக் கொள்கைகளை வீட்டு வேலைகளுக்குப் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவர்.

பின்னணி

இவரும் கணவர் பிராங்க் கில்பிரெத்தும் அசைவு ஆய்வு எனும் முறையை வளர்த்தனர். ஒரு வேலையைச் சிறு அசைவுகளாகப் பிரித்து, தேவையற்றவற்றை நீக்கிக் களைப்பைக் குறைப்பதே இம்முறையாகும். 1924 இல் பிராங்க் இறந்தபோது 11 பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு இவர்மீது விழுந்தது. பெண் என்பதால் பல நிறுவனங்கள் ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கவில்லை. அதன்பின் இவரது கவனம் சமையலறையின் மீது திரும்பியது.

இல்லத்தில் மேலாண்மை

சமைப்பவர் எத்தனை அடிகள் நடக்கிறார் என எண்ணி, அடுப்பு, வேலை மேடை, பொருள் வைக்கும் இடம் ஆகியவற்றை அருகருகே அமைத்தார். மேடையின் உயரம் வேலை செய்பவருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என வலியுறுத்தினார். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத்தொட்டி இவரது வடிவமைப்பாகக் கூறப்படுகிறது.

இவரது வீட்டில் முடிவுகளைக் குடும்ப மன்றம் விவாதித்தது. பிள்ளைகள் பல் துலக்கியதையும் குளித்ததையும் அட்டவணையில் தாமே குறித்தனர். கூடுதல் வேலைகளைப் பெற விலைப்புள்ளி அளித்தனர். பிள்ளைகளுள் இருவர் எழுதிய நூல் (1948) இவற்றை விவரிக்கிறது.

1965 இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்திற்குத் தெரிவான முதல் பெண் இவரே.