கிளைவ் குடும்பம் 'ஹெர்பர்ட்' ஆன கதை

1744ல் சென்னை ஜார்ஜ் கோட்டைக்கு கம்பெனி எழுத்தராக வந்து சேர்ந்தவர் ராபர்ட் கிளைவ். 1757 பிளாசி வெற்றிக்குப் பிறகு புது நவாப் மீர் ஜாஃபர் கொடுத்த "அன்பளிப்பு" மட்டும் 2,34,000 பவுண்டு! தவிர, வருடம் 27,000 பவுண்டு வரும் ஜாகீர் வேறு.

பணம் வந்தாச்சு, பட்டம் வேண்டாமா? 1762ல் கிடைத்தது 'பிளாசியின் பாரன் கிளைவ்'. ஆனால் அது அயர்லாந்து பட்டம். பிரிட்டனின் பிரபுக்கள் சபையில் உட்கார அது உதவாது. பிளாசி வங்காளத்தில் இருந்தால் என்ன, அயர்லாந்தில் தான் வாங்கிய எஸ்டேட்டுக்கே 'பிளாசி' என்று பெயர் வைத்துவிட்டார் மனிதர்.

மகன் எட்வர்ட் கையாண்டது வேறு வழி: கல்யாணம். 1784ல் அவர் மணந்த ஹென்ரியெட்டா, வேல்ஸின் பழைய ஹெர்பர்ட் வம்சத்துப் பெண். 1798ல் எட்வர்ட் சென்னை கவர்னர் ஆனார். அடுத்த வருடமே ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்புவின் கூடாரம் வேல்ஸில் உள்ள போவிஸ் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தது இப்படித்தான். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

1801ல் ஹென்ரியெட்டாவின் அண்ணன், போவிஸ் பிரபு, கல்யாணம் ஆகாமலே இறந்தார். பட்டம் அவரோடு போனது. 1804ல் அதே பெயரில் புதுப் பட்டம் எட்வர்டுக்கு! கோட்டையும் நிலமும் மட்டும் தாய்மாமன் சொத்தாக அவருடைய மகனுக்கு வந்தன. அந்த மகனோ 1807ல் 'கிளைவ்' என்ற குடும்பப் பெயரையே விட்டுவிட்டு ஹெர்பர்ட் ஆகிவிட்டார்.

பணம் கிளைவுடையது, பெயர் ஹெர்பர்ட்டுடையது. தாத்தா இறந்து அப்போது 33 வருடம்தான் ஆகியிருந்தது.